ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

ஒரு ஹாம்பர்கர் ஐந்து சென்ட். 1930களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஃபிராங்க்ஃபர்ட் ஊர்ப்பக்கம் ஒரு பதின்வயதுப் பையன் கடை போட்டு விற்ற விலை இது. கடைக்கு ‘லிட்டில் ஹாக்’ என்று பெயர் வைத்திருந்தான். பால்பண்ணைக் குடும்பம், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1927-ல் சார்லஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் பாரிஸில் போய் இறங்கியபோது அவனுக்கு வயது பத்து. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை. கடையில் விழுந்த சில்லறையெல்லாம் விமானம் ஓட்டிப் பழகுவதற்கே போனது. 18 வயதில் வங்கியில் 3,500 டாலர் கடன் வாங்கி, மேல்மூடி இல்லாத ‘வாக்கோ’ ரக விமானம் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டான்.

அந்தப் பையன்தான் அல் யூல்ச்சி. பின்னாளில் அவர் தொடங்கிய ‘ஃப்ளைட்சேஃப்டி’ என்ற தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியை 1996-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு விலையா என்று கேட்கத் தோன்றும். அதைவிட வியப்பான சங்கதி ஒன்று உண்டு. அங்கே படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள். லைசென்ஸ் கையில் இருக்கும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கணக்கும் இருக்கும். அப்படிப்பட்டவர்களைத் திரும்பவும் பெஞ்சில் உட்காரவைத்து, அதற்குக் கட்டணமும் வாங்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலாளியின் விமானி

இளம் வயதில் யூல்ச்சி செய்தது அந்தக் காலத்து விமானிகள் எல்லோரும் செய்த பிழைப்புத்தான். ஊர் ஊராகப் போய் வித்தை காட்டுவது, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவது, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒருமுறை மாணவர் ஒருவருக்கு வானத்தில் குட்டிக்கரணம் பழக்கிக்கொண்டிருந்தபோது, இவர் உட்கார்ந்திருந்த இருக்கை கழன்றுகொண்டது. ஆசிரியர் விமானத்துக்கு வெளியே விழுந்தார். பாராசூட் இருந்ததால் பிழைத்தார். பிற்காலத்தில் பாதுகாப்பையே வியாபாரமாக்கிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் அமைந்திருக்காது.

1940களின் தொடக்கத்தில் ‘பான் ஆம்’ எனப்பட்ட பான் அமெரிக்கன் ஏர்வேஸில் வேலை கிடைத்தது. உலகத்தின் மிகப்பெரிய விமான நிறுவனங்களில் ஒன்று அது. அதை ஆண்டவர் ஹுவான் ட்ரிப். அவருடைய சொந்த விமானத்தை ஓட்டும் பொறுப்பு யூல்ச்சிக்கு வந்தது. கால் நூற்றாண்டு அந்த வேலையில் இருந்தார். முதலாளி கூட்டத்துக்குள் போனால், விமானி வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் மற்ற முதலாளிகளின் விமானிகளும் இருப்பார்கள். அங்கே கேட்ட பேச்சுத்தான் அவருக்குத் தொழிலைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, ராணுவத்துக்கு வேண்டாத விமானங்கள் மலிவாகக் கைமாறிய நேரம். பெரிய கம்பெனிகள் அவற்றை வாங்கி, உள்ளே சோபாவும் மேசையும் போட்டு, அதிகாரிகள் பயணம் செய்யும் வாகனமாக மாற்றிக்கொண்டன. ஓட்டுவதற்குப் போரிலிருந்து திரும்பிய விமானிகள் கிடைத்தார்கள். அவர்கள் தைரியசாலிகள்தான். ஆனால் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் வேறொரு ரக விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் எல்லாம் புதிது. பான் ஆம் போன்ற நிறுவனங்களில் விமானிகளைத் தயார்ப்படுத்தத் தனிப் பிரிவு இருந்தது; அவ்வப்போது பரீட்சையும் இருந்தது. கம்பெனி விமானிகளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

1951-ல் யூல்ச்சி வீட்டை அடமானம் வைத்து 15,000 டாலர் புரட்டினார். நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில், பான் ஆமின் கடல் விமானங்கள் வந்து நின்ற பழைய மரைன் முனையத்தில் ஃப்ளைட்சேஃப்டி தொடங்கியது. பாடம் சொல்லிக்கொடுக்க, பெரிய நிறுவனங்களில் வேலை செய்துகொண்டிருந்த விமானிகளையே ஓய்வு நேரத்தில் அழைத்துக்கொண்டார். ட்ரிப்பிடம் பார்த்த வேலையை அவர் விடவில்லை. 1968 வரை அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. வந்த லாபம் பள்ளிக்கே திரும்பப் போனது. இன்றைக்கு ‘ஸ்டார்ட்-அப்’ என்று பேசுகிறவர்கள் இந்த 17 வருடக் காத்திருப்பைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வியாபாரம் எளிதாக இருக்கவில்லை. ‘உனக்குத் தெரியாது, வந்து கற்றுக்கொள்’ என்று அனுபவசாலியிடம் சொன்னால் எந்த ஊரிலும் கோபம்தான் வரும். விமானிக்கு அந்தக் கோபம் இன்னும் ஒரு மடங்கு அதிகம். அதனால் யூல்ச்சி விமானிகளை விட்டுவிட்டு, விமானத்தின் பின்னிருக்கையில் உட்காருகிறவர்களிடம் பேசினார். கோடாக் போன்ற கம்பெனிகள் வாடிக்கையாளர்களாக வந்தன. சில கம்பெனிகள் ஐந்தாண்டுப் பயிற்சிக் கட்டணத்தை முன்பணமாகவே கொடுத்தன. அந்தப் பணத்தில்தான் கருவிகள் வந்தன. உயிர் போனால் யாருக்கு நஷ்டமோ அவரிடம்தான் பாதுகாப்பை விற்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தரையில் பறக்கும் பெட்டி

கருவி என்றதும், தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகவைக்கும் சிமுலேட்டரின் பூர்வீகத்தைச் சொல்லாமல் போக முடியாது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். விமானம் பழக ஆசைப்பட்ட மகனுக்குக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. நம் ஊர் ஆர்மோனியத்தில் காற்றடிக்கும் துருத்தி மாதிரி, ஆர்கனுக்குள் இருக்கும் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கழற்றி, ஒரு சின்ன விமானப் பெட்டியின் அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து கம்பியைத் தள்ளினால் பெட்டி சாயும், குனியும், திரும்பும். 1929-ல் பெட்டி தயார். வாங்கத்தான் ஆள் இல்லை. பொருட்காட்சிகளில் பிள்ளைகள் ஏறி விளையாடும் ராட்டினம்போலத்தான் அது முதலில் விலைபோனது.

1934-ல் நிலைமை மாறியது. விமானத் தபால் ஒப்பந்தங்களில் ஊழல் என்று சொல்லி அதிபர் ரூஸ்வெல்ட் அவற்றை ரத்து செய்து, தபாலைச் சுமக்கும் வேலையை ராணுவத்திடம் கொடுத்தார். மேகத்துக்குள்ளும் இருட்டிலும் வெறும் முள்களைப் பார்த்து ஓட்டும் பழக்கம் ராணுவ விமானிகளுக்குப் போதவில்லை. சில வாரங்களில் அடுத்தடுத்து விபத்துகள், வரிசையாகச் சாவுகள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கின் பெட்டிகள் ஆறை, ஒன்று 3,500 டாலர் வீதம் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகள் லட்சக்கணக்கில் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்தார்கள். ஃப்ளைட்சேஃப்டியின் தொடக்க வகுப்புகளும் அதே லிங்க் பெட்டிகளில்தான் நடந்தன.

ஆனாலும் பல வருடங்களுக்குப் பெரிய ஜெட் விமானங்களில் ஆபத்துக்காலப் பயிற்சியை நிஜ விமானத்தில்தான் கொடுத்தார்கள். பறந்துகொண்டிருக்கும்போது பயிற்றுநர் வேண்டுமென்றே ஒரு இன்ஜினின் விசையைக் குறைப்பார். கற்கிறவர் சமாளிக்க வேண்டும். 1967 மார்ச் 30 அன்று நியூ ஆர்லியன்ஸில் டெல்டா நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் இப்படித்தான் பயிற்சிக்குக் கிளம்பியது. நான்கு இன்ஜின்களில் இரண்டு செயலிழந்ததுபோல வைத்துத் தரையிறங்கப் பார்த்தார்கள். விமானம் குடியிருப்புகள் மேல் விழுந்து, அருகிலிருந்த ஹோட்டலில் மோதியது. விமானத்தில் இருந்த ஆறு பேரும் தரையில் 13 பேரும் இறந்தார்கள். ஹோட்டலில் இறந்தவர்களில் ஒன்பது பேர் விஸ்கான்சினிலிருந்து சுற்றுலா வந்திருந்த பள்ளி மாணவிகள். ஆபத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கப்போய் ஆபத்தையே உண்டாக்கிய விபத்து இது.

இனி இந்தப் பாடத்தைப் பெட்டிக்குள்தான் நடத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது. கணினி வளர வளரப் பெட்டியும் வளர்ந்தது. 1980-ல் அமெரிக்க விமானத் துறை புதிய விதிமுறை கொண்டுவந்தது. தரம் உயர்ந்த சிமுலேட்டரில் பயின்ற விமானி, அந்த ரக விமானத்தை நிஜத்தில் முதன்முதலாக ஓட்டும்போதே பயணிகளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற நிலைக்கு அது வழிவிட்டது. கேட்கும்போது திக்கென்றிருக்கும். இன்றைக்கு நாம் ஏறுகிற விமானங்களில் இது அன்றாட நடைமுறை. புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால், பக்கத்து இருக்கையில் ஒரு பயிற்சிக் கேப்டன் இருப்பார்.

‘வி ஒன்’

அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால், ஆறு கால்களில் நிற்கும் ஜன்னலில்லாத வெள்ளைக் கூடு. சின்னப் பாலத்தில் நடந்து உள்ளே போனதும் பாலம் விலகிக்கொள்ளும். உள்ளே அச்சு அசல் காக்பிட். அதே சுவிட்ச், அதே இருக்கை, கண்ணாடிக்கு வெளியே இரவு நேர ஓடுபாதை. பின்னால் திரைக்கு முன் பயிற்றுநர் உட்கார்ந்திருக்கிறார். மூடுபனி, குறுக்குக் காற்று, பறவை மோதல், தீ எல்லாம் அவர் விரல்நுனியில்.

விமானம் ஓடத் தொடங்குகிறது. ஓட்டாத விமானி வேகத்தைப் படித்துச் சொல்கிறார். ‘வி ஒன்’ என்ற சொல் வந்தால், இனி நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஓடுபாதை போதாது, எது நடந்தாலும் மேலே போயாக வேண்டும் என்று அர்த்தம். கேப்டனின் கை இன்ஜின் நெம்புகோலிலிருந்து விலகிவிடும். அந்த நொடிக்காகவே காத்திருந்த பயிற்றுநர் ஒரு இன்ஜினை அணைக்கிறார். மூக்கு படாரென்று ஒரு பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கக் காலால் சுக்கானை அழுத்தி நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இன்ஜின்தான் செத்திருக்கிறது என்பது விமானிகளின் பாலபாடம். பாதுகாப்பான உயரத்துக்கு ஏறும்வரை வேறெதையும் தொடக்கூடாது. அவசரம்தான் இங்கே முதல் எதிரி. செத்தது எது என்று இருவரும் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, உறுதிசெய்த பிறகே அதை முழுதாக அணைக்கிறார்கள்.

இரண்டு மணி நேரம் ஒருவர், இரண்டு மணி நேரம் மற்றவர். வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி என்பது மூளைக்குத் தெரியும், முதுகுக்குத் தெரியாது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2015 பிப்ரவரி 4 சாட்சி. தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் மேம்பாலத்தை உரசி ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். ஒரு இன்ஜின் விசை இழந்தது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றை அணைத்துவிட்டார். தப்பைக் கடைசி நொடிகளில் உணர்ந்தது குரல் பதிவில் இருக்கிறது. கேப்டனாகப் பதவி உயரும்போது, சிமுலேட்டர் தேர்வில் இதே இன்ஜின் கோளாறுப் பாடத்தில் அவர் தடுமாறியதும், மறுதேர்வில் தேறியதும் விசாரணை அறிக்கையில் வந்தன. பெட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டது. சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் பெட்டி என்ன செய்யும்?

பெட்டியே தவறாகச் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் விழுந்து 265 பேர் இறந்தார்கள். முன்னால் போன விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில் துணை விமானி சுக்கானை மாறி மாறி மிதித்ததில் வால் துடுப்பே பிய்ந்து போனது. அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் அதில் இருந்த சிமுலேட்டர் பாடமும் இந்தப் பழக்கத்துக்குத் துணைபோயிருக்கலாம் என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது. நல்ல பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பதிகிறதோ, கெட்ட பழக்கமும் அதே ஆழத்தில் பதியும். பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்களில் இந்த விஷயம் வராது.

பஃபெட்டும் ஒரு ஹாம்பர்கரும்

திரும்பவும் யூல்ச்சியிடம் வருவோம். 1966-ல் ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சில் புதிய கிளை திறந்தார். விமானத்தைத் தொட்டே பார்க்காதவர்களைச் சேர்த்துக்கொண்டு, விமான நிறுவனங்களுக்குத் தகுந்த விமானிகளாக அனுப்பும் அகாடமி அது. சிறிய விமானங்கள் செய்யும் பைப்பர் நிறுவனத்தின் தொழிற்சாலையும் அதே ஊரில்தான். மேகமில்லாத நாட்களுக்குக் குறைவில்லாத கடற்கரை ஊர். பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து பழகிப்போனார்கள்.

ஆனால் பணம் குவிந்தது வேறு வழியில். 1968-ல் பங்குச் சந்தைக்கு வந்த ஃப்ளைட்சேஃப்டி, லியர்ஜெட், செஸ்னா போன்ற விமானத் தயாரிப்பாளர்களோடு கைகோத்தது. விமானம் வாங்கினால் அதன் விமானிக்கு ஃப்ளைட்சேஃப்டியில் பயிற்சி. காப்பீட்டு நிறுவனங்களும் வருடா வருடம் பயிற்சிக்குப் போய்வந்த சான்றைக் கேட்டன. யூல்ச்சி வலியப் போய் ஆள்பிடித்த காலம் முடிந்தது. சிமுலேட்டர்களையும் ஒக்லஹோமாவில் சொந்தமாகவே தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

1996-ல் பஃபெட் வந்தார். இரண்டு நிறுவனங்களிலும் பங்கு வைத்திருந்த ஒரு விமானத் துறை ஆலோசகர் கொடுத்த யோசனையில் தொடங்கிய பேச்சு அது. நியூயார்க்கில் இருவரும் சந்தித்து ஹாம்பர்கரும் கோக்கும் சாப்பிட்டபடியே வியாபாரத்தை முடித்தார்கள் என்பது அமெரிக்க வணிக உலகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அப்போது யூல்ச்சிக்கு 79 வயது. ஓய்வு பெறச் சொல்லும் எண்ணமே பஃபெட்டுக்கு இல்லை. ஃப்ளைட்சேஃப்டியிடம் 175 சிமுலேட்டர்கள் இருப்பதாகவும், ஒன்றின் விலை 1.9 கோடி டாலர்வரை போகும் என்றும் தன் பங்குதாரர்களுக்கு அவர் எழுதினார். புதிதாக ஒருவர் இந்தத் தொழிலில் நுழைய வேண்டுமென்றால் எவ்வளவு முதல் போட வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், பஃபெட்டின் ஆசை புரியும். அடுத்த ஆண்டே போயிங்கோடு கூட்டுச் சேர்ந்து பெரிய விமானங்களின் விமானிகளுக்கென்று தனிப் பயிற்சி நிறுவனம் கண்டார்கள். சில ஆண்டுகளில் அது முழுவதுமாகப் போயிங் கைக்குப் போனது.

யூல்ச்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. கண் மருத்துவர் டேவிட் பேட்டன் தொடங்கிய ‘ஆர்பிஸ்’ பறக்கும் கண் மருத்துவமனைக்கு ஆரம்பத்திலிருந்தே தோள்கொடுத்தவர் அவர். யுனைடெட் நிறுவனம் கொடுத்த பழைய டிசி-8 விமானத்துக்குள் அறுவை அரங்கு அமைத்து, 1982 முதல் நாடு நாடாகப் போய் அங்கங்கே இருக்கும் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2010-ல் தன் மகனோடு சேர்ந்து ‘ஹெல்ப்மீசீ’ என்ற அமைப்பையும் தொடங்கினார். விமானிக்குச் சிமுலேட்டர் இருப்பதுபோலக் கண்புரை அறுவைக்கும் ஒரு சிமுலேட்டர் செய்வது அதன் நோக்கம். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, சிறிய கீறலில் கையாலேயே செய்து முடிக்கும் செலவு குறைந்த முறை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை லட்சக்கணக்கில் செய்து உலகத்துக்கே காட்டிய அதே முறை. 2012 அக்டோபரில், தன் 95-வது வயதில் வீரோ பீச்சில் யூல்ச்சி காலமானார்.

விச்சிட்டாவில் ஒரு காலை

இரண்டு வருடம் கழித்து, 2014 அக்டோபர் 30. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா விமான நிலையம். இரட்டை இன்ஜின் கொண்ட கிங் ஏர் விமானம் ஒன்றில் விமானி மட்டும் தனியாகக் கிளம்பினார். தரையைவிட்டு எழும்பிய சில நொடிகளில் இடது இன்ஜின் போய்விட்டது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். விமானம் இடப்பக்கம் திரும்பி, பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் விழுந்து தீப்பற்றியது. அந்தக் கட்டடம் ஃப்ளைட்சேஃப்டியின் பயிற்சி மையம். விமானியும், கீழே சிமுலேட்டருக்குள் பாடத்தில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். சுக்கானைச் சரியாகக் கையாளாததால் கட்டுப்பாடு போனது என்று விசாரணை முடிவு சொன்னது.

எந்த ஆபத்தைச் சமாளிக்க அந்தக் கட்டடத்துக்குள் தினமும் கற்றுக்கொடுத்தார்களோ, அதுவே கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. இதை விதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இன்ஜின் நிற்பது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே கைப்பழக்கம் மறந்துபோகிறது. மறந்துபோவதாலேயே திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் போக வேண்டியிருக்கிறது. யூல்ச்சியின் வியாபாரம் முழுவதும் இந்த மூன்று வரிக்குள் அடங்கும்.

வீரோ பீச் அகாடமியை ஃப்ளைட்சேஃப்டி 2021-ல் பிரிட்டனின் ஸ்கைபோர்ன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் தொழிலைக் கைகழுவிவிட்டு, பறக்கத் தெரிந்தவர்களுக்குத் திரும்பவும் சொல்லிக்கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டது. எது நிலையான வருமானம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் வீடுகளிலும் பைலட் ஆக வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் கூடிவருகிறார்கள். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பெற்றோர் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தால் போதும். அதோடு செலவு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏர்பஸ், போயிங் என்று குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் அந்தப் பணமும் உங்கள் தலையில்தான் விழும். வேலை கிடைத்த பிறகும், ஓய்வு பெறும் 65 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டிக்குள் போய்த் தேறியாக வேண்டும். ஆகவே பள்ளியில் சேர்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 200 மணி நேரத்தை முடித்திருக்கிறார்கள்? கட்டணம் கட்டுவதற்கு முன்பே பிள்ளையை முதல்வகை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். அதில் தேறாவிட்டால் லைசென்ஸ் கிடையாது; கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதும் லேசில்லை.